குடவோலையும் குடல்நோயும்

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இங்கே வருவதற்கு முன் காலையில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். முதல் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தாய்வீட்டுச் செய்தி. முப்பது ஆண்டுகளாகக் குடல்நோய் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வைத்தியன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் அவன் கண்ணில் எது படும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது செயற்குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் குடவோலை முறை அந்தச் சுவரில் இருக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிந்திருக்கிறது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் வயதில் மூத்த ஒருவர் எல்லார் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். விவரம் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் பிரித்துப் போட்டுக் குலுக்கி, மறுபடியும் அவனையே ஓர் ஓலை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்கும் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கிப் படித்த பிறகு, அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதையே வாங்கிப் படிக்க வேண்டும்.

அந்த விரித்த கையை நினைத்து வெகுநேரம் நின்றேன். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்க முடியாதபடி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். குடத்தில் பெயர் விழுவதற்கு முன்பே இன்னார் இருக்கலாம், இன்னார் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் வரக்கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவருடைய உறவினரும் கூடாது.

சோழர்கள் மருத்துவ ஆய்வைக் கண்டுபிடித்தார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை. அவர்கள் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். நாங்கள் நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரிக்கிறோம். இரண்டு வேலைக்கும் அடியில் இருக்கும் அச்சம் ஒன்றேதான்: மனிதன் கையில் விட்டால், தெரிந்தோ தெரியாமலோ, தனக்கு வேண்டியதைத்தான் எடுப்பான். அதனால்தான் எடுக்கிற கை விவரம் அறியாத கையாக இருக்க வேண்டும்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். பெருங்குடல் புண் நோயில் ஸ்டீராய்டை விட முடியாமல் தவிக்கிறவருக்கு இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா, அதனால் பயன் உண்டா என்ற கேள்விக்குச் சீட்டுப் போட்டுத்தான் விடை காண வேண்டும். சீட்டுப் போட்டபின் கணக்கும் காட்ட வேண்டும். இந்த விதி ஆங்கில வைத்தியருக்கும் உண்டு, சித்த வைத்தியருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

1. நோயும் அந்தச் சின்ன மாத்திரையும்

பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தமும் சளியுமாகக் கழியும் நோய் இது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். உடம்பின் காவல்படையே குடல்சுவரைத் தாக்குகிறது. ஏன் என்பது இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. மருந்துச் சீட்டில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று எழுதுவோம். கிராமத்தில் இதற்கென்று தனிப் பெயர் கிடையாது. சீதபேதி என்பார்கள், மூலம் என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள். பேருந்தில் ஏறப் பயப்படுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று தேடுவார்கள். பஞ்சாபில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்டார்கள்: லட்சம் பேருக்கு 44 பேர். நம் நாட்டுக்கு இந்த நோய் வராது என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இதற்கு ஸ்டீராய்டு கேட்கும் என்பதே சீட்டுப் போட்டுக் கண்டதுதான். ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 210 நோயாளிகளைப் பிரித்து ஒரு பாதிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து 1955-இல் கணக்கை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் மருந்துக்காரர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் தணிந்தது; மற்றவர்களில் 16 பேருக்கு. அதுவரை கடுமையாக வந்தால் பலரைக் கொன்றுவிடும் நோயாக இருந்தது இது. அந்த மாத்திரையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது காப்பாற்றிய உயிர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பத்து ஆண்டு கழித்து, 1965-இல், லண்டனில் லெனார்ட் ஜோன்ஸ் குழுவினர் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். தணிந்தபின் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால் நோய் திரும்பாமல் இருக்குமா? இராது என்று அவர்கள் சோதனை காட்டியது. வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி இது. இன்றைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்று ஐந்து வருடம், எட்டு வருடம் விழுங்கிக்கொண்டிருக்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அவர்கள் ஏன் விழுங்குகிறார்கள்? விட்டால் ரத்தம் வருகிறது. ஸ்டீராய்டு சார்ந்த நிலை என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் இலக்கணம்: தொடங்கிய மூன்று மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முடியவில்லை, அல்லது நிறுத்திய மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டாரத்து நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001-இல் எழுதினார்கள்: முதல்முறை ஸ்டீராய்டு எடுத்தவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 22 பேர் இப்படிச் சிக்கிக்கொண்டிருந்தார்கள், 29 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

சிக்கியவருக்கு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும், அமுங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும். அதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானே சுரப்பதை மறந்திருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். இந்த மண்டபத்தில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், என் பேச்சைக் கேட்டு நாளைக் காலையில் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கிராமத்து மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தக்கழிச்சல் எல்லாம் இந்த நோய் அல்ல. அமீபாவால் வந்த கழிச்சலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடலில் ஓட்டை விழக்கூடும். மலப் பரிசோதனை செய்து, குடலைக் கருவி விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த மாத்திரையைத் தொட வேண்டும்.

2. நாட்காட்டித் தாள்கள்

எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பட்டு நெசவாளர். அவர் சம்மதித்துத்தான் இதைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

குழித்தறி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலைக் குழிக்குள் விட்டு மிதியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். இவர் எழுந்துபோனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இவர் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை எழுந்தார். ஸ்டீராய்டு 20 மில்லிகிராமில் அடங்கும். 10-க்கு இறக்கினால் மறுபடி ரத்தம். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றோம்.

மூன்றாம் முறை இறக்கும்போது மஞ்சளின் சத்தான குர்குமின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தேன். எத்தனை முறை போகிறது என்று எழுதி வரச் சொன்னேன். அவர் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். ஒருமுறை போனால் ஒரு கோடு. ரத்தம் வந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். தாள்களைக் கழிவுப் பட்டுநூலில் கோத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முதல் வாரத் தாள்களில் கோடுகள் வேலி போல நெருங்கி நின்றன. ஆறாவது வாரத்தில் இரண்டு, மூன்று, வட்டமே இல்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அடுத்து நடந்த மருத்துவர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன், நம் வீட்டு மஞ்சள் வேலை செய்கிறது என்று.

அதற்கடுத்த முறை அவர் மனைவி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். உள்ளே தீர்ந்துபோன ஸ்டீராய்டு மாத்திரை அட்டைகள். குப்பையில் போட மனமில்லாமல் சேர்த்து வைத்திருந்தவை. எண்ணிப் பார்த்தேன். நான் எழுதியது நாளுக்கு 10 மில்லிகிராம். அட்டைக் கணக்கு 20 என்று சொன்னது. "டாக்டரய்யா, அவரத் திட்டாதீங்க. முகூர்த்தத்துக்குள்ள பொடவய முடிச்சுக் குடுக்கணும்னு ரெண்டு ரெண்டா போட்டுக்கினாரு" என்றார் அந்த அம்மாள்.

கோடுகளைக் குறைத்தது மஞ்சளா, கூட்டிப் போட்ட ஸ்டீராய்டா? என்னால் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் உண்மையைத்தான் பார்த்தோம், அதற்குத் தவறான காரணத்தைக் கட்டிவிட்டோம்.

அவர் மாத்திரையைக் கூட்டிப் போடாமல் இருந்திருந்தாலும் நான் ஏமாந்திருக்கலாம். இந்த நோய் தானே ஏறும், தானே இறங்கும். மிக மோசமாக இருக்கும்போதுதான் நோயாளி புது மருந்து கேட்டு வருவார். புரட்டாசியில் உங்கள் ஏரி அடிமண் தெரியக் கிடக்கும்போது கரையில் ஒருவர் மரம் நடுகிறார். கார்த்திகையில் ஏரி நிரம்பிவிடுகிறது. மரம்தான் தண்ணீரைக் கொண்டுவந்தது என்று அவர் நம்பினால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மரம் நடாத பக்கத்து ஊர் ஏரியையும் போய்ப் பார்க்க வேண்டும். இந்த நோய்க்கு உலகெங்கும் நடந்த சோதனைகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களை மட்டும் திரட்டி 2017-இல் கணக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 33 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், 12 பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. ஆகவே "நான் கொடுத்தேன், மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிந்தது" என்று எவரேனும் சொன்னால், அவர் இன்னும் எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

3. குடம் எங்கே வருகிறது

பக்கத்து ஊர் ஏரியைத்தான் நாங்கள் இரண்டாம் அணி என்கிறோம். நோயாளிகளைத் தகுதி பார்த்து எடுத்து, யார் எந்த அணி என்பதைச் சீட்டு முடிவு செய்ய விடுகிறோம். ஓர் அணிக்கு வழக்கமான சிகிச்சையோடு புது மருந்து. இன்னோர் அணிக்கு அதே வழக்கமான சிகிச்சையோடு அதே நிறம், அதே எடையுள்ள வெற்று மாத்திரை. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சீட்டு வைத்த உறையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டால், இளகிய மனமுள்ள மருத்துவர் மெலிந்த நோயாளியை மருந்து அணிக்குத் தள்ளிவிடுவார். விரித்த உள்ளங்கை இதற்குத்தான்.

வெற்று மாத்திரை கொடுப்பது துரோகம் இல்லையா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துணை மருந்துச் சோதனையில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அடிப்படைச் சிகிச்சை இருவருக்கும் உண்டு. கூடுதலாகச் சேர்ப்பது நல்லதா கெட்டதா என்று எவருக்கும் தெரியாத நிலையில்தான் சீட்டு. தெரிந்துவிட்டால் சீட்டுப் போடுவதுதான் துரோகம். நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2007-இல் சோதனைகளுக்கான பதிவேடு தொடங்கியது. 2009 முதல் அதில் முன்கூட்டிப் பதிவது கட்டாயம். முடிவு பிடிக்கவில்லை என்று கணக்கை மறைக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது.

இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் மருந்தும். இன்னொரு பகுதியினருக்கு நெரிசலான வீட்டிலேயே மருந்து மட்டும். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959-இல் அது அச்சேறியபின் உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது.

அதைவிட நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. உத்திரமேரூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் வடபகுதியில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்குச் சீட்டு முறையில் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு வந்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுங்காசத்தைத் தடுக்கும் என்பதால் பச்சைக் குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். செங்கல்பட்டு என்ற பெயர் உலகத்து மருத்துவப் புத்தகங்களில் இருப்பது அந்தக் கணக்கால்தான். கையை நீட்டிய அந்தக் கிராமத்துச் சனங்களுக்கு எங்கேயும் ஒரு நடுகல் இல்லை.

4. எதை எண்ணுவது

இது சிறிய பகுதி. ஆனால் சோதனைகள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஸ்டீராய்டு சார்ந்தவருக்குத் துணை மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது "இப்போது எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்வரை அவர் நன்றாகத்தான் இருப்பார். கேட்க வேண்டியது: ஸ்டீராய்டை முழுக்க விட்டாரா, விட்டு ஆறு மாதமாவது தாங்கினாரா, கருவி விட்டுப் பார்த்தால் குடல்சுவர் ஆறியிருக்கிறதா? வாரம் எத்தனை மில்லிகிராம் இறக்குவது என்பதை முதலிலேயே எழுதி, இரண்டு அணிக்கும் ஒரே படிக்கட்டில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் புது மருந்தின்மேல் நம்பிக்கை உள்ள மருத்துவர் அந்த அணிக்கு வேகமாக இறக்குவார். ஒவ்வொரு வருகையிலும் காலி அட்டையை எண்ண வேண்டும். அந்த அம்மாளின் மஞ்சள் பை எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

இப்படிச் சரியாக எண்ணிய சோதனைக்கு எடுத்துக்காட்டு 2006-இல் இத்தாலியில் வந்தது. ஸ்டீராய்டு சார்ந்தவர்களை மட்டுமே எடுத்து, அணிக்கு 36 பேர் வைத்து, ஒரு பக்கம் உடம்பின் காவல்படையை அடக்கும் அசதயோபிரின், மறுபக்கம் இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமின். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டை விட்டு, குடலும் ஆறி இருந்தவர்கள் அசதயோபிரின் அணியில் பாதிக்குச் சற்று மேல். மற்றதில் ஐந்தில் ஒரு பங்கு.

இன்னொன்று ஐரோப்பாவில் நடந்தது. ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு வடிகலன் வழியாக ஓட்டி, அழற்சி உண்டாக்கும் வெள்ளணுக்களைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பும் சிகிச்சை. ஜப்பானில் இதை மிகவும் நம்பினார்கள். வெறும் அனுபவக் குறிப்புகளில் பிரமாதமாக இருந்தது. ஸ்டீராய்டு சார்ந்த 125 பேர் அளவில் சீட்டுப் போட்டு, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டோடு இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 24-ஆம் வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் நூற்றுக்கு 13. சேர்க்காத அணியில் 7. தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு. 2018-இல் அப்படியே வெளியிட்டார்கள். அவ்வளவு விலையுள்ள கருவியை நம் ஏழைகள் தலையில் கட்டாமல் காப்பாற்றியது அந்தக் கணக்கு.

5. மஞ்சள், நிலவேம்பு, அவுரி

நம் மண்ணின் மூலிகைகள் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள், நானும் விடமாட்டேன்.

மஞ்சளை முதலில் எடுப்போம். ஜப்பானில் 2006-இல் நோய் தணிந்திருந்த 89 பேரிடம் வழக்கமான மருந்தோடு நாளுக்கு 2 கிராம் குர்குமின் சேர்த்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது குர்குமின் அணியில் 43 பேரில் 2 பேருக்கு. வெற்று அணியில் 39 பேரில் 8 பேருக்கு. 2015-இல் இன்னொரு சோதனை: மெசலமினுக்கு அடங்காத 50 பேர், நாளுக்கு 3 கிராம். ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு அடங்கியது. வெற்று அணியின் 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 62 பேருக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள்: வேறுபாடு இல்லை. ஆக, மஞ்சள் நல்லதா கெட்டதா என்பது கேள்வி இல்லை. எந்த அளவில், யாருக்கு என்பதே கேள்வி. குழம்பில் போடும் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். 3 கிராம் வேண்டுமென்றால் 100 கிராம் தூள் விழுங்க வேண்டும். அதோடு, இந்த மூன்றில் ஒன்றுகூட ஸ்டீராய்டு சார்ந்தவர்களுக்கென்று நடந்ததில்லை. என் நெசவாளருக்கு நான் கொடுத்தபோது எந்தக் கணக்கையும் துணைக்கு வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை.

நிலவேம்புச் சாறு 224 பேரிடம் எட்டு வாரம் சோதிக்கப்பட்டு 2013-இல் முடிவு வந்தது. கூடிய அளவில் எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் குணம் தெரிந்தது, குறைந்த அளவில் 45, வெற்று மாத்திரையில் 40. நோய் முழுதாக அடங்கியதா என்று பார்த்தபோது வேறுபாடு உறுதிப்படவில்லை. அதற்குப் பின் தொடங்கிய பெரிய சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது; இது தனிச் சாறு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்கு எழுதக்கூடாது.

அவுரிதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு காலத்தில் தென்னார்க்காட்டுச் சீமையில் வயல் வயலாக நின்ற நீலச்செடி. அதிலிருந்தும் அதன் இனமல்லாத வேறு சில செடிகளிலிருந்தும் எடுக்கும் நீலப்பொடி சீன வைத்தியத்தில் மருந்து. ஜப்பானில் 86 பேரிடம் மூன்று அளவுகளில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். வெற்று அணியில் நூற்றுக்கு 14 பேர் போலத் தேறியபோது, பொடி எடுத்தவர்களில் 70, 75, 81 பேர் தேறினார்கள். இந்த நோயில் இப்படிப்பட்ட எண்ணைக் காண்பது அரிது. ஆனால் அந்தச் சோதனையை முடிவு வரை நடத்த முடியவில்லை. வெளியே இதைத் தாமாக வாங்கிச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியது தெரிந்து ஜப்பான் அரசு எச்சரித்தது, பாதியில் நிறுத்தினார்கள். மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று நம் ஊரில் சொல்லும் வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம் நினைவுக்கு வருகிறது. வேலை செய்யும் வலிமை உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வலிமையும் இருக்கும். நம் முன்னோர் பாஷாணத்தைச் சுத்தி செய்துதானே மருந்தாக்கினார்கள்! சித்த மருத்துவத்தைச் சோதிக்கச் சொல்வது அதை அவமதிப்பது ஆகாது. அதை மருந்தாக மதிப்பவர்தான் சோதிப்பார்.

ஆங்கில மருந்துக்கும் இதே அளவுகோல்தான். லூதியானாவில் கடுமையான நோயோடு மருத்துவமனையில் சேர்ந்த 104 பேருக்கு, ஊசி ஸ்டீராய்டோடு டோஃபாசிடினிப் என்ற மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ சேர்த்துக் கொடுத்து 2024-இல் வெளியிட்டார்கள். ஏழாம் நாள் தேறியவர்கள் நூற்றுக்கு 83. வெற்று அணியில் 59. மருந்து எடுத்த ஒருவருக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தது. அதையும் அதே பக்கத்தில் எழுதினார்கள். எய்ம்ஸில் நோயாளிகளைப் பிரித்து, ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்துவதோடு அழற்சியைத் தணிக்கும் உணவு முறையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் அடங்கியவர்கள் நூற்றுக்கு 60; வழக்கமான சிகிச்சையில் 32. 2022-இல் வந்தது. நல்ல முடிவுதான். என் மனக்குறை ஒன்று: இரண்டைச் சேர்த்துக் கொடுத்ததால் உணவு எவ்வளவு, நுண்ணுயிர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உணவு மட்டுமே பெரும்பகுதி வேலையைச் செய்தது என்றால் அது கிராமத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி!

6. குடத்தில் இல்லாத பெயர்கள்

காலையில் அந்தச் சுவரின் முன் நின்றபோது பெருமை மட்டும் வரவில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தணர் சபையின் குடம் அது. உழுதவர் பெயர் அதில் இல்லை. நெய்தவர் பெயர் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. எடுத்த கை நேர்மையான கைதான். ஆனால் போடாத ஓலையை எந்தச் சிறுவனாலும் எடுக்க முடியாது.

எங்கள் குடமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. இந்த நோயின் பெரிய சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அதனால் என்ன கெட்டது என்பதற்கு அசதயோபிரினே சாட்சி. அந்த மருந்து சிலருக்கு வெள்ளணுவைச் சட்டென்று இறக்கிவிடும், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். ஐரோப்பியர்களிடம் அதற்கு ஒரு மரபணுவைக் காரணமாகக் கண்டார்கள், அதற்குப் பரிசோதனையும் வந்தது. அந்தப் பரிசோதனை சரியாக இருந்தும் நம்மவர்களுக்கு வெள்ளணு விழுந்தது. ஏன் என்று புரியாமல் தவித்தோம். 2014-இல் கொரிய நோயாளிகளை ஆராய்ந்தபோதுதான் என்யுடிடி15 என்ற வேறொரு மரபணு அகப்பட்டது. ஆசியர்களிடம் அதிகம் காணும் மாற்றம் அது. நம் நாட்டிலும் கணிசமானவர்களிடம் இருக்கிறது. கொரியர்களின் ஓலை குடத்தில் விழுந்ததால் நமக்கு விடை கிடைத்தது.

ஆகவே காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் ஓலைகள் விழ வேண்டும் என்று கேட்கிறேன். காசநோய் மறைந்திருக்கும் மார்போடு, குடலில் புழுவோடு, அரிசிச் சோற்றோடு, அரைவயிற்றோடு இருக்கும் நம் நோயாளிக்கு இந்தத் துணை மருந்துகள் என்ன செய்யும் என்று நம் நோயாளிதான் சொல்ல முடியும். ஒரு மருத்துவமனை மட்டும் செய்தால் ஆள் போதாது. அணிக்குப் பத்துப் பேர் வைத்துச் சோதித்தால் மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாடு சோழி உருட்டுவது போல வந்துபோகும். சென்னை, வேலூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று பல இடங்கள் சேர வேண்டும்.

சோதனைத் திட்டம் எழுதும் என் மாணவர்களிடம் நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் வரும் ஒருவர் வழியில் எங்கே இறங்குவார் என்று யோசித்தீர்களா? அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் கணக்கில் இருக்கிறதா? பெண்களுக்குத் தனியாக உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா? முப்பது பக்க ஆங்கிலப் படிவத்துக்குப் பதில் படித்துக் காட்டும் தமிழ் இருக்கிறதா? இவை இல்லாவிட்டால் யார் விலகிப்போவார்கள்? நோய் மோசமானவரும் கூலிக்காரரும்தான். அவர்கள் விலகியபின் மிஞ்சும் எண் அழகாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

அந்த நெசவாளர் இப்போது அசதயோபிரினில் இருக்கிறார். மரபணுப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்கினோம். ஸ்டீராய்டை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வருகிறார். வரும்போது இன்னமும் நாட்காட்டித் தாள்களைப் பட்டுநூலில் கோத்துக் கொண்டுவருகிறார். கூடவே அந்த அம்மாள், கையில் காலி அட்டைப் பையோடு. துணை மருந்துச் சோதனை ஒன்று நம் பக்கம் தொடங்கினால் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "உங்களுக்கு இப்போது ஸ்டீராய்டு இல்லையே, தகுதி வராதே" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாள்களை எப்படிக் கோப்பது, வட்டம் எப்படிப் போடுவது என்று வருகிறவர்களுக்குத் தான் காட்டிக்கொடுப்பதாகச் சொன்னார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.